ஒரே கேம் லைப்ரரி, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும்: என்டிஎஃப்எஸ் டிரைவைப் பகிர்வது சரிவருமா?

#1 · தறிநூல்

அனைவருக்கும் வணக்கம்.

என் கணினியில் இரண்டு எஸ்எஸ்டிகள். 512 ஜிபி உள்ளதில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் இரண்டும் இருக்கின்றன. 1 டிபி உள்ளது முழுவதும் ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) பார்ட்டிஷன்; விண்டோஸில் அதுதான் டி டிரைவ். ஸ்டீமில் (கேம் கடையும் செயலியும்) வாங்கிய கேம்கள் எல்லாம் அங்கேதான்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மட்டுமே 150 ஜிபி இடம் கேட்கிறது. வீட்டு இணைப்பு 30 எம்பிபிஎஸ். முழு வேகம் கிடைத்தாலும் அதை ஒரு தடவை இறக்கப் பதினோரு மணி நேரம் ஆகும். அதையே லினக்ஸுக்காக இன்னொரு முறை இறக்க மனமும் இல்லை, இடமும் இல்லை. விண்டோஸை விட்டுவிடலாம் என்றால் நண்பர்கள் வேலோரன்ட்டை விட மாட்டார்கள். வேலை நேரம் முழுவதும் லினக்ஸில் கழிகிறது. அரை மணி நேரம் விளையாட வேண்டும் என்பதற்காகக் கணினியை மறுதொடக்கம் செய்வது எரிச்சலாக இருக்கிறது.

லினக்ஸ் ஸ்டீமில் அந்த டி டிரைவை லைப்ரரியாகச் சேர்த்துப் பார்த்தேன். கேம்கள் பட்டியலில் வருகின்றன. ஆனால்:

ஒன்று, விளையாடு பொத்தானை அழுத்தினால் சில நொடிகள் ஓடிவிட்டு ஒன்றும் திறக்காமல் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. இரண்டு, சில நாட்களில் அந்த டிரைவில் எதையும் எழுத முடிவதில்லை, படிக்க மட்டும் முடிகிறது. வேறு சில நாட்களில் சரியாக இருக்கிறது. மூன்று, ஸ்டார்டியூ வேலி மட்டும் திறந்தது, ஆனால் திறக்கும் முன் எதையோ இறக்கிக்கொண்டது. பிறகு விண்டோஸுக்குப் போனால் அங்கேயும் மறுபடி இறக்குகிறது. இப்படியே மாறி மாறி.

இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறதா?

---

#2 · இரவுப்பறவை

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

---

#3 · வேப்பமரத்தடி

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஒன்றோடொன்று கலந்துவிட்டதால்தான் குழப்பம்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். விண்டோஸ் 8 காலத்தில் வந்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். நீங்கள் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. உங்கள் நிரல்களை மூடுகிறது. ஆனால் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியின், நிலையை ஹைபர்நேட் கோப்பில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறது. கடையைப் பூட்டாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி. டி டிரைவும் அந்தப் பாதி திறந்த நிலையில்தான் இருக்கும். லினக்ஸின் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் இதைக் கண்டுகொண்டு, எழுதினால் ஆபத்து என்று படிக்க மட்டும் அனுமதிக்கும். கெர்னலிலேயே இருக்கும் என்டிஎஃப்எஸ்3, டிரைவ் சுத்தமாக மூடப்படவில்லை என்ற குறியைப் பார்த்தால் மவுண்ட் செய்யவே, அதாவது டிரைவை இணைத்துத் திறக்கவே, மறுக்கும். இரண்டும் நியாயமான எச்சரிக்கைதான். கட்டாயப்படுத்தி மவுண்ட் செய்யும் வழிகளை இணையத்தில் பார்ப்பீர்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சில நாள் மட்டும் சரியாக இருக்கிறது என்கிறீர்களே, அதற்கும் விளக்கம் உண்டு. ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணைந்துதான் எழும். ஷட்டவுனில்தான் இந்தப் பாதி மூடல். நீங்கள் எந்த வழியில் லினக்ஸுக்கு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே டிரைவ் நடந்துகொள்கிறது.

மின் விருப்பங்களில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை மட்டும் எடுப்பதைவிட, நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரம் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேட்டையே அணைத்துவிடுவது மேல். ஹைபர்நேட் கோப்பு பிடித்திருந்த சில ஜிபி இடமும் சி டிரைவில் திரும்பக் கிடைக்கும்.

இனி முதலாவது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுவது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன், அவற்றின் கிராஃபிக்ஸை மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே போன்றவற்றின் கூட்டு அது. ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி விண்டோஸ் சூழலை அது உருவாக்கிக்கொள்கிறது. அதைப் பிரிஃபிக்ஸ் என்பார்கள். அது உருவாகும் இடம், கேம் இருக்கும் அதே லைப்ரரியில், ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் காம்பேட்டேட்டா. உள்ளே சி, இசட் என்ற டிரைவ்களைக் காட்டும் சிம்லிங்குகள் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்புகள்) உண்டு. அவற்றின் பெயரிலேயே முக்காற்புள்ளி இருக்கும். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரவே கூடாது. லினக்ஸ் அதை என்டிஎஃப்எஸ்ஸில் எழுதிவிட்டால், பிறகு விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க் வந்து அதைப் பிழை என்று திருத்தப் பார்க்கும். எழுத முடியாத டிரைவாக இருந்தாலோ பிரிஃபிக்ஸே உருவாகாது. சில நொடிகள் ஓடி நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே கேம் கோப்புகள் என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கட்டும். காம்பேட்டேட்டா மட்டும் லினக்ஸின் சொந்த பார்ட்டிஷனில், அதாவது இஎக்ஸ்டி4-இல் இருக்க வேண்டும். எப்படி என்பதை, முதல் வேலையை முடித்துவிட்டு வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

மூன்றாவது எளிது. ஸ்டார்டியூ வேலிக்கு லினக்ஸ் பதிப்பு தனியாக உண்டு. ஸ்டீம் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் வேறு வேறு கோப்புத் தொகுப்பை வைத்திருக்கிறது. லினக்ஸில் திறந்தால் லினக்ஸ் தொகுப்பை இறக்கும், விண்டோஸில் திறந்தால் விண்டோஸ் தொகுப்பை இறக்கும். ஒரே ஃபோல்டர், ஒரே பதிவுக் கோப்பு என்பதால் ஒன்று மற்றதை மாற்றிக்கொண்டே இருக்கும். லினக்ஸ் ஸ்டீமில் அந்த கேமின் பண்புகளுக்குப் போய், இணக்கம் பகுதியில், புரோட்டானைக் கட்டாயமாகப் பயன்படுத்து என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதன் பிறகு இரு பக்கமும் விண்டோஸ் தொகுப்பே போதும். லினக்ஸ் பதிப்புள்ள ஒவ்வொரு கேமுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

---

#4 · கல்தூண்

வேப்பமரத்தடி சொன்ன விளக்கத்தில் குறையில்லை. ஆனால் செய்ய முடியும் என்பதும் செய்யலாம் என்பதும் ஒன்றல்ல.

புரோட்டானின் கிட்ஹப் விக்கியில் இந்த என்டிஎஃப்எஸ் வழி எழுதப்பட்டிருக்கிறது, உண்மை. அதை எழுதியவர்களே இதைப் பரிந்துரைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் கெட்டுப்போனால் அதை முழுமையாகப் பழுதுபார்க்க லினக்ஸில் கருவி கிடையாது. என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது சில சிறு முரண்களைச் சரிசெய்து, குறியைத் துடைத்துவிட்டு, மீதியை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளும். செக்டிஸ்க் ஓட்ட விண்டோஸ்தான் வேண்டும். அதாவது நீங்கள் நாள் முழுவதும் இருக்கும் இயங்குதளத்தால் உங்கள் டிரைவைக் காப்பாற்ற முடியாது.

என் வழி வேறு. டி டிரைவைச் சுருக்கி, கிடைக்கும் இடத்தில் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்குங்கள். லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, வேண்டிய கேமின் ஃபோல்டரை ஸ்டீம்ஆப்ஸுக்குள் இருக்கும் காமன் ஃபோல்டரிலிருந்து லினக்ஸ் லைப்ரரியின் அதே இடத்துக்கு நகலெடுங்கள். பிறகு ஸ்டீமில் நிறுவு என்று கொடுத்து, அந்த லைப்ரரியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீம் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைக் கண்டு, சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். 150 ஜிபியை இணையத்தில் இறக்க வேண்டியதில்லை. ஒரே எஸ்எஸ்டிக்குள் நகலெடுக்க டீ குடிக்கும் நேரம் போதும்.

இடம் இரட்டிப்பாகும், அதை மறுக்கவில்லை. அதனால்தான் ஒரு கேள்வி: இரண்டு பக்கமும் உண்மையிலேயே வேண்டிய கேம் எத்தனை? ஒரு கேம் லினக்ஸில் நன்றாக ஓடுகிறது என்றால், அதை விண்டோஸில் எதற்காகத் திறக்கப் போகிறீர்கள்?

---

#5 · இரவுப்பறவை

> இரண்டு பக்கமும் உண்மையிலேயே வேண்டிய கேம் எத்தனை?

நான் கேட்க நினைத்ததை ஐயா கேட்டுவிட்டார். என் கணினியில் பகிர்வே கிடையாது. வேலோரன்ட்டின் ஆன்டிசீட்டான (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்) வான்கார்டு லினக்ஸில் ஓடாது, அந்த கேம் விண்டோஸில். ஃபோர்ட்நைட், டெஸ்டினி 2 அதே கதை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டிசீட் வந்ததிலிருந்து அதுவும் போயிற்று. தனியாக ஆடும் கேம்கள் எல்லாம் லினக்ஸில். எல்லை இயற்கையாகவே விழுந்துவிட்டது.

ஒரு கூடுதல் செய்தி. ஈசி ஆன்டிசீட்டும் பேட்டில்ஐயும் 2021 முதல் புரோட்டானை ஆதரிக்கின்றன. ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது கேம் தயாரிப்பாளரின் முடிவு. எல்டன் ரிங் அனுமதித்திருக்கிறது. எனவே ஆன்டிசீட் இருக்கிறது என்பதாலேயே ஓடாது என்று முடிவு கட்ட வேண்டாம். கேமுக்குக் கேம் பார்க்க வேண்டும்.

---

#6 · தறிநூல்

இரவுப்பறவை, வேப்பமரத்தடி அண்ணா, இருவருக்கும் நன்றி. ஹைபர்நேட்டை அணைத்தேன், டிரைவில் எழுத முடியாத பிரச்சினை தீர்ந்தது. ஸ்டார்டியூ வேலிக்குப் புரோட்டானைக் கட்டாயமாக்கினேன், இப்போது இரு பக்கமும் எதையும் இறக்காமல் திறக்கிறது.

கல்தூண் ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: என் தம்பியும் இதே கணினியைத்தான் பயன்படுத்துகிறான். அவனுக்கு லினக்ஸ் பக்கம் வரவே பிடிக்காது. நான் லினக்ஸில் ஆடுவேன், அவன் விண்டோஸில் ஆடுவான். ஸ்டீம் கணக்கு ஒன்று, கேமும் ஒன்று. இரண்டு நகல் என்பது என் நிலைமையில் உண்மையிலேயே வீண்தான்.

அண்ணா, இப்போது காம்பேட்டேட்டா விஷயத்தைச் சொல்லுங்கள்.

---

#7 · வேப்பமரத்தடி

தம்பி இருக்கிறான் என்றால் பகிர்வுக்குக் காரணம் இருக்கிறது. சரி, செய்வோம்.

முதலில் மவுண்ட். கோப்பு மேலாளரில் டிரைவைச் சொடுக்கித் திறக்கும் பழக்கத்தை விடுங்கள். ஸ்டீம் முதலில் திறந்து டிரைவ் பிறகு வந்தால், கேம்கள் எல்லாம் நிறுவப்படாதவை போலத் தெரியும். எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்தப் பார்ட்டிஷனின் யூயூஐடியை (தனி அடையாள எண்) குறித்து, ஒரு நிலையான இடத்தில் தானாக மவுண்ட் ஆகும்படி எழுதுங்கள். வகை என்டிஎஃப்எஸ்3. இது 2021-இல் கெர்னல் 5.15-இல் வந்தது, பாராகன் நிறுவனம் எழுதிக் கொடுத்தது. பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி கெர்னலுக்கு வெளியே, ஃபியூஸ் வழியாக ஓடுவதால் பெரிய கேம் ஏறும்போது சிபியுவைக் கூடுதலாகத் தின்னும். எது ஓடுகிறது என்று தெரியாவிட்டால் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஃபியூஸ்பிளாக் என்று வந்தால் பழையது.

தெரிவுகளில் கவனிக்க வேண்டியவை: யூஐடி, ஜிஐடி இரண்டும் உங்கள் பயனர் எண், பெரும்பாலும் 1000. எக்ஸெக் (நிரல்களை இயக்க அனுமதி) கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஸ்டீம் லைப்ரரியை ஏற்காது. யூசர் என்ற தெரிவைச் சேர்ப்பதாக இருந்தால் எக்ஸெக் அதற்குப் பின்னால் வர வேண்டும். ஏனென்றால் யூசர் என்றாலே நோஎக்ஸெக் மறைமுகமாக ஒட்டிக்கொண்டு வரும். வரிசை மாறியதால் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். நோஃபெயில் சேருங்கள், டிரைவில் ஏதாவது சிக்கல் என்றாலும் லினக்ஸ் எழுந்துவிடும்.

அடுத்து பிரிஃபிக்ஸ். பலரும் சொல்லும் வழி, என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும் காம்பேட்டேட்டா ஃபோல்டரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் லினக்ஸ் பக்கத்து ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் வைப்பது. வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் பக்கம் அது ஏதோ விசித்திரமான கோப்பாகத் தெரியும். தம்பி குப்பை என்று நினைத்து அழித்தாலும் ஆச்சரியமில்லை. எனக்குப் பிடித்தது பைண்ட் மவுண்ட். காம்பேட்டேட்டா வெறும் காலி ஃபோல்டராக என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கட்டும். எஃப்எஸ்டேப்பில், என்டிஎஃப்எஸ் வரிக்கு அடுத்து இன்னொரு வரி: ஹோமில் உள்ள உங்கள் ஃபோல்டரை அந்தக் காலி ஃபோல்டரின் மேல் பைண்ட் செய். லினக்ஸில் திறந்தால் உள்ளே பிரிஃபிக்ஸ்கள் இருக்கும். விண்டோஸில் திறந்தால் காலியாக இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு சிம்லிங்கும் எழுதப்படாது. தயாரித்த ஷேடர்களை (கிராஃபிக்ஸ் துணை நிரல்கள்) சேமிக்கும் ஷேடர்கேஷ் ஃபோல்டருக்கும் இதையே செய்துவிடுங்கள். விண்டோஸுக்கு அதனால் பயனில்லை.

இதோடு என்டிஎஃப்எஸ் வரியில் விண்டோஸ்_நேம்ஸ் என்ற தெரிவையும் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் ஏற்காத பெயருள்ள கோப்பை எழுத விடாது. எப்போதாவது பைண்ட் மவுண்ட் தவறிப்போனாலும் முக்காற்புள்ளிப் பெயர்கள் டிரைவில் ஏறாது. கேம் திறக்காது, அவ்வளவுதான். அது நல்ல தோல்வி.

கடைசியாக, புரோட்டானும் ஸ்டீம் லினக்ஸ் ரன்டைமும் ஸ்டீமுக்குள் நிறுவப்படும் பொருட்கள்தான். அவை என்டிஎஃப்எஸ் லைப்ரரியில் போய் உட்கார்ந்துகொண்டால் வேலை செய்யாது, அவற்றுக்குள் சிம்லிங்குகள் உண்டு. ஸ்டீம் சேமிப்பக அமைப்பில் ஹோம் பக்கத்து லைப்ரரியை முதன்மையாக வைத்துவிட்டு, ஏற்கெனவே தவறான இடத்தில் இருந்தால் அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்.

---

#8 · உப்பளம்

எல்லோரும் ஏன் என்டிஎஃப்எஸ்ஸையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? தலைகீழாக யோசியுங்கள். டிரைவை லினக்ஸின் கோப்பு முறைமைகளில் ஒன்றான பிடிஆர்எஃப்எஸ் ஆக்கிவிட்டு, விண்டோஸில் வின்பிடிஆர்எஃப்எஸ் டிரைவரை நிறுவினால் முடிந்தது. சிம்லிங்க், முக்காற்புள்ளி, அனுமதி என்று ஒரு தொல்லையும் லினக்ஸ் பக்கம் இல்லை. இசட்ஸ்டாண்டர்டு சுருக்கம் கிடைக்கிறது, கோப்பு கெட்டதா என்று காட்டும் செக்சம் கிடைக்கிறது. என் கணினியில் நெடுநாளாக இப்படித்தான் இருக்கிறது.

---

#9 · கல்தூண்

> விண்டோஸில் வின்பிடிஆர்எஃப்எஸ் டிரைவரை நிறுவினால் முடிந்தது

முடிந்தது என்றால் எந்தப் பொருளில் என்பதுதான் கேள்வி. அது மைக்ரோசாஃப்டின் படைப்பும் அல்ல, லினக்ஸ் கெர்னல் குழுவின் படைப்பும் அல்ல. பெரும்பாலும் தனி ஒருவரின் உழைப்பில் வளர்ந்த திறந்த மூலத் திட்டம். அவருடைய திறமையை வியக்கிறேன். ஆனாலும் விண்டோஸ் கெர்னலுக்குள் ஏறும் கோப்பு முறைமை டிரைவர் அது. தறிநூல் வீட்டில் அதே விண்டோஸில் வான்கார்டும் கெர்னலில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே அறையில் விட நான் தயங்குவேன்.

தவிர, பயனர் அடையாளம் இரு பக்கமும் பொருந்துவதற்கு ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் பயனரை லினக்ஸ் பயனர் எண்ணோடு இணைக்க வேண்டும். செய்யாவிட்டால் விண்டோஸ் எழுதிய கோப்புகளுக்கு லினக்ஸில் நீங்கள் உரிமையாளராக இருக்க மாட்டீர்கள். பிறகு ஸ்டீம் புதுப்பிக்க முடியாமல் விழிக்கும். இதை நீங்கள் சொல்லவில்லையே?

---

#10 · உப்பளம்

இணைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும், அதனால் சொல்லவில்லை. ஆன்டிசீட் உள்ள கேம் எதையும் நான் ஆடுவதில்லை, எனவே அந்த அறையில் எனக்குச் சண்டை இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: விண்டோஸ்தான் முதன்மை, லினக்ஸ் எப்போதாவது என்றிருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. எனக்கு நேர்மாறு.

ஆனால் பாராகன் எழுதினால் புனிதம், தனி மனிதர் எழுதினால் சந்தேகம் என்பதை ஏற்க மாட்டேன். என்டிஎஃப்எஸ்3 கெர்னலில் சேர்ந்த சில மாதங்களிலேயே பராமரிப்பவர் பதில் தருவதில்லை என்று கெர்னல் அஞ்சல் பட்டியலில் புகார் எழுந்தது. நிறுவனம் என்பதாலேயே கவனிப்பு வந்துவிடாது.

---

#11 · கல்தூண்

அது உண்மை. அதனால்தான் இரண்டையுமே எழுதும் நிலையில் மவுண்ட் செய்யாதீர்கள் என்கிறேன்.

---

#12 · சாம்பல்பூனை

மோட் (கேமை மாற்றும், ரசிகர்கள் செய்த கூடுதல் கோப்புகள்) போடுபவர்களின் சார்பில் ஒரு முறையீடு. கேம் ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால் எல்லாம் பகிர்ந்தாயிற்று என்று நினைப்பவர்கள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனைப் பாருங்கள்.

மோட் கோப்புகள் டேட்டா ஃபோல்டரில், அதாவது கேமுக்குள், இருக்கும். அவை இரு பக்கமும் தெரியும். ஆனால் எந்த மோட் எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று சொல்லும் பிளகின்ஸ் கோப்பு, விண்டோஸ் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கும். சேவ் கோப்புகளோ ஆவணங்கள் ஃபோல்டரில் மை கேம்ஸுக்குள். லினக்ஸில் இவை இரண்டுமே பிரிஃபிக்ஸுக்குள் போய்விடும்: காம்பேட்டேட்டாவில் 489830 என்ற எண்ணுள்ள ஃபோல்டருக்குள், போலி சி டிரைவில், ஸ்டீம்யூசர் என்ற பயனரின் கீழ். விண்டோஸில் நீங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசை லினக்ஸில் இருக்காது. மோட்கள் டிரைவில் கிடக்கும், கேம் அவற்றைக் கண்டுகொள்ளாது. இந்த நிலையில் போய்ப் பழைய சேவ் கோப்பைத் திறந்தால், இல்லாத மோட்களைப் பற்றிக் கேம் எச்சரிக்கும். அதை மீறித் திறந்து மறுபடி சேவ் செய்தால் அந்தச் சேவின் கதி அதோகதி.

இன்னொன்று. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தும். என்டிஎஃப்எஸ் டிரைவிலும் வழக்கமாக அப்படியே. ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டர் முதலெழுத்துப் பெரியதாக ஏற்கெனவே இருக்கும்போது, மோட் தொகுப்பில் அதே பெயர் முழுவதும் சிறிய எழுத்தில் இருந்தால், லினக்ஸ் கோப்பு மேலாளரில் பிரிக்கும்போது இரண்டு ஃபோல்டர்கள் அருகருகே உருவாகிவிடும். விண்டோஸ் அவற்றில் ஒன்றைத்தான் திறக்கும், எது என்பது அதிர்ஷ்டம். ஆகவே பகிர்ந்த டிரைவில் மோட்களைக் கையால் பிரித்துப் போடாதீர்கள். விண்டோஸிலேயே போடுங்கள், அல்லது புரோட்டானுக்குள் ஓடும் மோட் மேலாளர் வழியாகப் போடுங்கள். வைன் அந்தப் பெயர் வேறுபாட்டைச் சமாளித்துக்கொள்ளும்.

சேவ்களுக்கு: ஸ்டீம் கிளவுட் உள்ள கேம் என்றால் கவலையில்லை, கடைப் பக்கத்திலேயே அந்தக் குறி இருக்கும். இல்லாத கேம்களுக்கு லூடுசாவி என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. எந்த கேமின் சேவ் எங்கே இருக்கும் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, புரோட்டான் பிரிஃபிக்ஸுக்குள்ளும் தேடி, காப்பு எடுத்துத் தரும்.

---

#13 · தறிநூல்

அண்ணா சொன்னபடி பைண்ட் மவுண்ட் செய்தேன். ரெட் டெட் 2 லினக்ஸில் திறந்துவிட்டது! ஒரு எம்பி கூட இறக்கவில்லை. முதல் தடவை மட்டும் ஷேடர் தயாரிக்க நேரம் எடுத்துக்கொண்டது.

சாம்பல்பூனை, நல்ல வேளை, நான் மோட் போடுவதில்லை.

ஒரு சந்தேகம். விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. ஒரு கேமில் ஸ்டீம் கிளவுட் முரண்பாடு என்று வந்து, எந்தச் சேவ் கோப்பை வைத்துக்கொள்வது என்று கேட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

---

#14 · வேப்பமரத்தடி

கடிகாரம் இரட்டை பூட் வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் யூடிசி நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் ஆர்டிசி என்ற தெரிவை 1 ஆக்கினால் லினக்ஸும் விண்டோஸ் வழிக்கு வந்துவிடும். விண்டோஸை யூடிசிக்கு மாற்றும் ரெஜிஸ்ட்ரி வழியும் இருக்கிறது, அதுதான் கொள்கைப்படி சுத்தமானது. தம்பி கையிலும் கணினி இருப்பதால் லினக்ஸை மாற்றுவது உங்களுக்குச் சுலபம்.

கிளவுட் முரண்பாடு பெரும்பாலும் அதனால் வருவதில்லை. கேமை மூடிய உடனே, மேலேற்றம் முடியும் முன் கணினியை அணைத்துவிட்டு அடுத்த இயங்குதளத்துக்குப் போனால் வரும். ஆனால் அந்த முரண்பாட்டுச் சாளரத்தில் எது புதிய சேவ் என்று நேரத்தைப் பார்த்துத்தானே முடிவு செய்வீர்கள்? கடிகாரம் தவறாக இருந்தால் அங்கேதான் ஏமாறுவீர்கள். கேமை மூடியதும் ஸ்டீம் கிளவுட் நிலை முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். தம்பியிடமும் சொல்லிவையுங்கள்.

---

#15 · மணற்கேணி

நானும் இதே முயற்சியில் இருக்கிறேன். மூன்று கேள்விகள். என் ஸ்டீம் ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறையில் நிறுவியது. இரண்டாவது டிரைவ் கண்ணுக்கே தெரியவில்லை. சி டிரைவில் இடம் மிச்சப்படுத்த காம்பேக்ட்ஜியூஐ என்ற கருவி கொண்டு சில கேம்களைச் சுருக்கி வைத்திருக்கிறேன், அவை பாதிக்கப்படுமா? இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று, இரு பக்கமும் படிக்கும் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமை ஆக்கிவிட்டால் என்ன?

---

#16 · வேப்பமரத்தடி

ஃபிளாட்பேக் தனக்குள் அடைபட்ட பெட்டி. ஃபிளாட்சீல் என்ற செயலியில் ஸ்டீமைத் தேர்ந்தெடுத்து, அந்த மவுண்ட் பாதைக்கு அனுமதி கொடுத்தால் தெரியும். இரண்டு டிரைவ், பைண்ட் மவுண்ட் என்று இறங்குபவர்களுக்கு மின்ட்டின் சாதாரண டெப் தொகுப்பே நிம்மதி.

காம்பேக்ட்ஜியூஐ சுருக்கம் வேறு வகை. என்டிஎஃப்எஸ்-3ஜியால் கூடுதல் செருகி இல்லாமல் அதைப் படிக்க முடியாது. என்டிஎஃப்எஸ்3 படிக்கும், கெர்னலைத் தொகுத்தவர்கள் அந்த வசதியைச் சேர்த்திருந்தால். பகிரப் போகும் கேம்களை விண்டோஸில் சுருக்கம் நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

எக்ஸ்ஃபேட் வேண்டவே வேண்டாம். அதில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது. சிம்லிங்க் கிடையாது, எனவே பிரிஃபிக்ஸைப் பைண்ட் மவுண்ட் செய்யும் வேலை அப்போதும் போகாது. பென் டிரைவுக்கு நல்லது.

---

#17 · இரவுப்பறவை

மணற்கேணி, உங்கள் விண்டோஸ் 11 புதிதாக நிறுவியதா? 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், சாதனக் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடும். உள்ளே இருக்கும் மற்ற டிரைவ்களும் விண்டோஸின் குறியாக்கமான பிட்லாக்கருக்குள் போயிருக்கக்கூடும். லினக்ஸில் கிரிப்ட்செட்டப் அதைத் திறக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் மீட்புச் சாவியோ கடவுச்சொல்லோ வேண்டும். கேம் டிரைவுக்கு மட்டும் குறியாக்கத்தை நீக்கிவிடுவது நல்லது. அதில் ரகசியமாக என்ன இருக்கிறது? சாவியை முதலில் எங்காவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் கணினி எழும்போது அனுமதிக்கும் செக்யூர் பூட்டையும் அணைத்துவிடாதீர்கள். பேட்டில்ஃபீல்டு 6 போன்றவை விண்டோஸில் அது இல்லாமல் திறப்பதில்லை. மின்ட், உபுண்டு, ஃபெடோரா எல்லாம் செக்யூர் பூட் இயங்கும்போதே எழும். என்விடியா டிரைவருக்கு மட்டும் ஒருமுறை சாவி பதிய வேண்டியிருக்கலாம்.

---

#18 · தறிநூல்

இப்போதைய நிலை: கல்தூண் ஐயா பேச்சைப் பாதி கேட்டேன். டி டிரைவைச் சுருக்கி 250 ஜிபி இஎக்ஸ்டி4 பிரித்தேன். நான் மட்டும் ஆடும் விட்சர் 3, எல்டன் ரிங், ஹாலோ நைட் மூன்றையும் அவர் சொன்ன வழியில் அங்கே நகலெடுத்துவிட்டு, என்டிஎஃப்எஸ் பக்கத்தில் நீக்கிவிட்டேன். ஹாலோ நைட்டுக்கு லினக்ஸ் பதிப்பே ஓடுகிறது. தம்பியும் நானும் ஆடும் ரெட் டெட் 2, ஸ்டார்டியூ வேலி இரண்டு மட்டும் பகிர்ந்த இடத்தில். வேலோரன்ட் விண்டோஸின் சி டிரைவில்.

---

#19 · கல்தூண்

பாதி கேட்டதே பெரிது. பகிர்ந்த இரண்டும் கெட்டாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவைதானே. அந்த டிரைவில் புகைப்படம், ஆவணம் என்று வேறு எதையும் வைக்காதீர்கள்.

---

#20 · தறிநூல்

வைக்கவில்லை ஐயா. ஒரு கடைசிக் கேள்வி: தம்பி விண்டோஸில் புதுப்பிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அணைத்துவிட்டால், நான் லினக்ஸில் திறக்கும்போது அது மிச்சத்தைத் தொடருமா?

---

#21 · வேப்பமரத்தடி

சில சமயம் தொடரும், ஸ்டீம்ஆப்ஸுக்குள் டவுன்லோடிங் ஃபோல்டர் இரு பக்கத்துக்கும் பொதுதான். ஆனால் அதை நம்ப வேண்டாம். பாதியில் நின்றது என்று தெரிந்தால், எந்தப் பக்கம் தொடங்கியதோ அந்தப் பக்கமே போய் முடித்துவிட்டு வாருங்கள். அப்படியும் கேம் தகராறு செய்தால் பண்புகளில் கோப்புகளைச் சரிபார் என்று கொடுங்கள். 150 ஜிபியையும் வட்டிலிருந்து படிக்கும், கெட்டதை மட்டும் இறக்கும். லினக்ஸ் பக்கம் தானியங்கிப் புதுப்பிப்பை, கேம் திறக்கும்போது மட்டும் என்று மாற்றிவிட்டால் இந்த மோதல் அரிதாகவே வரும்.